பங்குனிக் கடலில் இறகுத் தூண்டில்: நால்வருக்கு இரண்டு தடி

திருகோணமலையில் வாடைக்காற்று அடங்கி, கலங்கிக் கிடந்த கரைநீர் மெல்லத் தெளிந்து, விடியற்காலையில் கடல் குளம்போல அசையாமல் கிடக்கும் பங்குனி மாதமே, இறகுத் தூண்டிலோடு (இறகும் மயிரும் கட்டிய முள்ளைப் பொய்யிரையாக எறியும் முறை, ஆங்கிலத்தில் fly fishing) நண்பர்கள் கூடிக் கரைக்குப் போவதற்கு ஏற்ற காலமாகும். சிவராத்திரியை அண்டிய நாட்களில் அலையின் மிச்சம் இன்னும் இருக்கும்; வைகாசி பிறந்த பின்னரோ மேற்கிலிருந்து கச்சான் காற்று வெக்கையோடு வீசத் தொடங்கி, எறிகிற கயிற்றைத் தன் விருப்பத்துக்குக் கொண்டுபோகும். இவ்விரண்டுக்கும் இடையில் கிடைக்கும் சில வாரங்களை நன்றாகப் பயன்படுத்த விரும்புகிறவர்களுக்காகவும், இதுவரை கைத்தூண்டில் மட்டுமே போட்டுப் பழகியவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

இந்த முறை நமது கடலில் பிறந்ததன்று. குளிர்நாடுகளின் ஓடைகளில், பனி உருகி நீர் தெளியும் இளவேனிற் தொடக்கத்தில், நீரின்மேல் வந்து விழும் பூச்சிகளை உண்ணுகிற ட்ரவுட் மீனைப் பிடிப்பதற்காக வளர்ந்த கலை இது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளைக்காரத் தோட்டத்துரைமார் அந்த மீனை இலங்கைக்கும் கொண்டுவந்து நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் விட்டார்கள். குளிர்ந்து ஓடுகிற நீர் இல்லாமல் அதனால் வாழ முடியாது என்பதால் மலையை விட்டு அது கீழே இறங்கவில்லை. அதைப் பிடிக்கும் முறை மட்டும் எந்த நீருக்கும் பொருந்தும். பூச்சியின் வடிவத்தில் கட்டுகிற இறகை நெத்தலியின் வடிவத்தில் கட்டினால், பாரையும் கட்டாவும் முரலும் கொடுவாவும் அதைத் துரத்திக்கொண்டு வரும்.

கைத்தூண்டிலுக்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டை முதலில் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். கைத்தூண்டிலில் ஈயக்குண்டின் பாரம் தங்கூசியை, அதாவது நைலோன் தூண்டில் நூலை, இழுத்துக்கொண்டு போகிறது. இறகுக்கோ சொல்லத்தக்க பாரம் இல்லை. அதை எவ்வளவு விசையோடு எறிந்தாலும் காலடியில்தான் விழும். ஆகவே இங்கே கயிறே பாரமாகிறது. தடித்த, பூச்சுப் பூசிய வீச்சுக் கயிற்றைக் காற்றில் பின்னும் முன்னும் விரித்து அனுப்ப, அதன் நுனியில் இறகு தொற்றிக்கொண்டு போகிறது. இதனால்தான் தடியும் கயிறும், கயிற்றின் நிறையைக் குறிக்கும் எண்ணில், ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறார்கள். ட்ரவுட்டுக்குப் பயன்படும் 5 ஆம் எண் கயிற்றின் முதல் 30 அடி ஏறத்தாழ 9 கிராம் நிறையுடையது. நமது கரைக்கு ஏற்ற 8 ஆம் எண் கயிற்றில் அதே நீளம் 13.6 கிராம் அளவில் இருக்கும். கடற்காற்றை ஊடுருவிச் செல்வதற்கும், கண் வைத்த பெரிய இறகைத் தூக்கிச் செல்வதற்கும் இந்தக் கூடுதல் நிறை தேவைப்படுகிறது.

தடிகளின் எண்ணிக்கையைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நண்பர்களோடு போகும் பயணத்தில் எல்லாவற்றையும் விட அதுவே முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம். முதல் முறை நாங்கள் நான்கு பேரும் நான்கு தடிகளோடு சாம்பல்தீவுப் பக்கத்துக் கரைக்குப் போனோம். மூன்று மணித்தியாலம் நால்வரும் வரிசையாக நின்று, ஒருவரை ஒருவர் விஞ்சித் தூரத்துக்கு எறிந்துகொண்டிருந்தோமே தவிர, தண்ணீரை யாரும் பார்க்கவில்லை. வெயில் ஏறிக் கைகள் சோர்ந்த நேரத்தில், பின்னால் மணலில் குந்தியிருந்த பையன் ஒருவன், "அண்ணை, மீன் எல்லாம் உங்கட காலுக்குக் கிட்டத்தான் ஓடுது, நீங்கள்தான் அங்கால எறியிறியள்" என்றான். திரும்பிப் பார்த்தபோது, அலை உடைந்து மணல் சரியும் அந்தச் சிறிய பள்ளத்தில், முழங்கால் ஆழத்தில், கையளவுப் பாரைகள் ஏழெட்டு நிழல்போலக் கடந்து போவதைக் கண்டோம். அவை காலை முழுவதும் அப்படித்தான் போய்வந்திருக்கின்றன.

அன்றிலிருந்து நால்வர் போனால் இரண்டு தடி, இருவர் போனால் ஒன்று என்பதை மாற்றாமல் கடைப்பிடித்து வருகிறோம். ஒருவர் எறிவார், மற்றவர் பார்ப்பார். மீன் ஒன்று பட்டதும், அல்லது இருபது நிமிடம் கழிந்ததும், தடி கைமாறும். பார்க்கிறவர் ஓய்வெடுக்கிறவர் அல்லர். அந்த இருபது நிமிடத்துக்கு அவருடைய கண்தான் தூண்டில். எறிகிறவர் வலக்கைக்காரர் என்றால், பார்க்கிறவர் அவருக்கு இடப்பக்கம், குறைந்தது இரண்டு பாகம் (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறு அடி) தள்ளி நிற்க வேண்டும். பின்னால் ஒருபோதும் நிற்கக் கூடாது. மீனைக் கண்டால் விரலை நீட்டிக் கூச்சலிடுவதில் பயனில்லை. நேர் முன்னே பன்னிரண்டு மணி என்று வைத்துக்கொண்டு, "இரண்டு மணி, எட்டுப் பாகம், இடப்பக்கம் போகுது" என்று திசையையும் தூரத்தையும் போக்கையும் ஒரே மூச்சில் சொல்லப் பழக வேண்டும். கடற்றொழிலாளர் பாகத்தில் கணக்கிடுவதைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது எளிதில் கைவரும்.

இனிக் கருவிகளுக்கு வருவோம். நான்கு துண்டாகக் கழற்றக்கூடிய 9 அடி நீளத் தடி, 8 ஆம் எண்ணில் இருந்தால் இந்தக் கரையின் பெரும்பாலான தேவைகளுக்குப் போதும். கழற்றி உறையில் இட்டால் மோட்டார் சைக்கிளிலும் கொண்டுபோகலாம். உப்பைத் தாங்கும் றீல் ஒன்றும், வீச்சுக் கயிறு முழுவதையும் மீன் இழுத்துக்கொண்டு போனாலும் கைவசம் இருக்கும்படி, 20 இறாத்தல் தாங்கும் பின்கயிறு 150 யார் அளவிலும் வேண்டும். வீச்சுக் கயிறு வெப்ப நீருக்கென்று செய்யப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் அன்போடு கொண்டுவந்து தந்த குளிர்நீர்க் கயிற்றை ஒரு பருவம் முழுவதும் பயன்படுத்தினேன். காலை எட்டு மணிக்கு மேல் அதன் பூச்சு இளகிப் பிசுபிசுத்து, தடியின் வளையங்களில் ஒட்டிக்கொண்டு, முப்பது அடிக்கு மேல் போக மறுத்தது. அது என் கையின் குறை என்று எண்ணி அந்தப் பருவம் முழுவதும் வீணே வருந்தினேன்.

வீச்சுக் கயிற்றின் முனையில் கட்டும் நுனித் தங்கூசியை நாமே செய்துகொள்ளலாம். 40 இறாத்தல் தங்கூசி நாலரை அடி, 30 இறாத்தல் இரண்டரை அடி, 20 இறாத்தல் இரண்டு அடி என்று தடிப்பிலிருந்து மெல்லிதாக இறங்கும்படி இணைத்தால் 9 அடி கிடைக்கும்; இப்படிப் படிப்படியாக மெலிவதால்தான் எறிந்த விசை நுனிவரை சென்று இறகை நேராக விரிக்கிறது. இரு துண்டுகளையும் நான்கு விரல் நீளத்துக்கு ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்து, வளையமிட்டு, இரண்டையும் சேர்த்தே மூன்று முறை வளையத்துக்குள் நுழைத்து, எச்சிலால் நனைத்து மெதுவாக இறுக்குவதே எனக்குத் தெரிந்த மிக எளிய, நம்பத்தக்க முடிச்சு. நனைக்காமல் இறுக்கினால் தங்கூசி உரசிச் சூடேறி, அந்த இடத்திலேயே பலமிழந்துவிடும். முரலுக்கும் சீலாவுக்கும் பல் கூர்மையானது. அவை நிற்கிற இடமானால் இறகுக்கு முன்னால் ஒரு சாண் அளவுக்குத் தடித்த தங்கூசியோ மெல்லிய கம்பியோ சேர்க்க வேண்டும்.

மற்றொரு பொருள், பலரும் புறக்கணிக்கிற ஒன்று, இடுப்பில் கட்டும் கூடை. இழுத்துச் சேர்த்த கயிறு அலையில் விழுந்தால் காலைச் சுற்றும், மணலில் புதையும், அடுத்த எறிதலைத் தடுக்கும். சந்தையில் வாங்கும் ஆழமில்லாத பிளாஸ்டிக் கூடையின் இரு பக்கமும் பட்டி கோத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அடியில் விரல் நீளத் தடித்த தங்கூசித் துண்டுகள் ஏழெட்டை நிமிர்ந்து நிற்கும்படி முடிந்துவிட்டால், கயிறு அவற்றுக்கிடையே சிக்கலின்றிக் கிடக்கும்.

இறகு கட்டுவதைப் பற்றி விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனெனில் இந்தக் கலையின் இனிமையில் பாதி அதில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு நான்கு பேரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து நாளைய மீனுக்கான இரையைக் கட்டுகிற அந்த இரண்டு மணித்தியாலத்திலேயே பயணம் தொடங்கிவிடுகிறது. நான் பெரும்பாலும் கட்டுவது, அமெரிக்கரான பொப் கிளவுசர் 1980களில் ஆற்று மீனுக்கென்று உருவாக்கிப் பின்னர் உலகின் கடற்கரைகளெல்லாம் ஏற்றுக்கொண்ட வடிவத்தையே. அதற்கு வேண்டியவை நம் வீட்டைச் சுற்றியே கிடைக்கின்றன: வெள்ளாட்டின் வெள்ளை மயிர், சேவலின் சாம்பல் நிறக் கழுத்திறகு, பழைய சேலைக் கரையிலிருந்து உருவிய வெள்ளிச் சரிகை, முகம் கழுவும் தொட்டியின் அடைப்பானில் இருக்கும் மணிச்சங்கிலி, உறுதியான தையல் நூல், நிறமற்ற நகப்பூச்சு.

பற்றினால் விடாத குறடொன்றை மேசை விளிம்பில் கட்டி, அதன் வாயில் தூண்டில் முள்ளை இறுக்குங்கள். முள்ளின் காதுக்கு அருகே நூலைச் சுற்றத் தொடங்கி, தண்டின் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் நிறுத்தி, சங்கிலியிலிருந்து வெட்டிய இரண்டு மணிகளையும் தண்டின் மேற்பக்கத்தில் குறுக்காக வைத்து, எட்டின் வடிவில் மாறிமாறிச் சுற்றி அசையாமல் கட்டுங்கள். இந்த மணிகள் கண்ணாகவும் இருக்கின்றன, பாரமாகவும் இருக்கின்றன. பாரம் மேலே இருப்பதால் தண்ணீருக்குள் இறகு தலைகீழாகப் புரண்டு, முள்ளின் கூர் மேல்நோக்கி நிற்கும், மணலிலும் பாசியிலும் சிக்காது. அடுத்து, முள்ளைப் போல இரு மடங்கு நீளமுள்ள வெள்ளை மயிரைக் கண்ணுக்கு முன்னாலும் பின்னாலும் பிடித்துக் கட்டுங்கள். பின்னர் முள்ளைக் குறட்டில் கவிழ்த்து மாட்டி, சரிகை நான்கைந்து இழையும், அதன்மேல் சாம்பல் இறகும் வைத்துத் தலைப்பக்கத்தில் முடித்து, நூலின்மேல் நகப்பூச்சை இரண்டு முறை தடவிக் காயவிடுங்கள்.

புதிதாகக் கட்டுகிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறு மயிரை அதிகம் வைப்பதே. கட்டி முடித்ததும் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி இறகை அதற்குள் இழுத்துப் பாருங்கள்: உலர்ந்திருக்கும்போது குஞ்சம்போலத் தெரிந்தது, நனைந்ததும் ஒடுங்கி, உடல் வழியே மறுபக்கம் தெரிகிற நெத்தலியைப் போல மாற வேண்டும். மாறவில்லை என்றால் பாதியைப் பிடுங்கி எறியுங்கள். இறுதியாக, முள்ளின் உட்பக்கம் எதிர்நோக்கி நிற்கும் அந்தச் சிறு செதிலைக் குறட்டால் அமர்த்தி மட்டமாக்கிவிடுங்கள். மீன் தப்பிவிடும் என்று பயப்பட வேண்டாம். கயிறு தளராதவரை தப்பாது. அந்தச் செதிலை அமர்த்தாமல் விட்ட ஒரு காலையில், திடீரென்று திரும்பிய காற்றினால் நான் எறிந்த முள் என் நண்பனின் காதுமடலில் ஏறியது. அதை எடுப்பதற்கு மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. அன்றைய பயணமும் அதோடு முடிந்தது. தவறு முழுவதும் என்னுடையது. இப்போது எங்களோடு வருகிற எவருடைய பெட்டியிலும் செதில் அமர்த்தாத முள் இருக்க அனுமதிப்பதில்லை. தொப்பியும் கண்ணாடியும் அணியாதவருக்குத் தடியைக் கொடுப்பதும் இல்லை.

கடலுக்குப் போகுமுன் ஐந்தாறு மாலைகளாவது மைதானத்துப் புல்லில் எறிந்து பழக வேண்டும். முள்ளுக்குப் பதில் சிவப்புக் கம்பளி நூல் துண்டொன்றை முடிந்துகொள்ளுங்கள். கால்களைத் தோளகலத்துக்கு வைத்து, பெருவிரலைத் தடியின் மேற்புறத்தில் நீட்டி, தடி நுனியைத் தரைக்கு அருகே கொண்டுவந்து தொடங்குங்கள். மெதுவாகத் தொடங்கி, வேகத்தைக் கூட்டி, தடி காதைத் தாண்டிச் சற்றே பின்சாய்ந்ததும் சட்டென்று நிறுத்துங்கள். இந்த நிறுத்தந்தான் எறிதல். நிறுத்தினால்தான் வளைந்த தடி நிமிர்ந்து கயிற்றைப் பின்னோக்கி அனுப்பும். பிறகு காத்திருங்கள். கயிறு பின்னால் முழுவதும் நீண்டு, தடி நுனியை மெல்ல இழுப்பதை உணர்ந்த அந்தக் கணத்தில் முன்னே தள்ளி, மீண்டும் கண்ணுயரத்தில் சட்டென்று நிறுத்துங்கள்.

பின்னால் காத்திருக்கும் அந்தப் பொழுதை எல்லோரும் குறைத்துவிடுகிறார்கள். சாட்டை சொடுக்குவதுபோல ஒலி கேட்டால் நீங்கள் அவசரப்பட்டீர்கள் என்று பொருள். அந்த ஒலியோடு இறகு அறுந்தும் போயிருக்கும். மணிக்கட்டைப் பின்னோக்கி மடித்துவிடுவது அடுத்த பிழை. அப்படிச் செய்தால் கயிறு பின்னால் தாழ்ந்து மணலில் அடித்து, முள்ளின் கூர் மழுங்கிவிடும். நண்பர் ஒருவர் பக்கத்தில் நின்று உங்கள் பின்கயிற்றை மட்டும் பார்த்து, "இப்போது" என்று சொல்ல, அந்தச் சொல்லுக்கு முன்னே தள்ளிப் பழகுவதுதான் எனக்கு விரைவாகப் பயன் தந்த பயிற்சி. நாற்பது அடி நேராகப் போனால் போதும், கடலுக்கு வாருங்கள். அந்தப் பையன் சொன்னதுபோல மீன் கிட்டத்தான் ஓடுகிறது.

இடத்தைப் பொறுத்தவரை, தொடங்குகிறவர்களுக்கு உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை நீண்டு கிடக்கும் மணற்கரையே நல்லது. பின்னால் மரமோ பாறையோ இல்லாத இடமாகத் தேர்ந்தெடுத்தால் கயிறு சிக்காது. சாம்பல்தீவிலும் இறக்கக்கண்டியிலும் களப்பு நீர் கடலோடு கலக்கிற முகங்கள் மீன் நடமாட்டம் மிகுந்தவை. நமது கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே உயர வேறுபாடு இரண்டு அடி அளவுக்குள்தான் இருக்கும் என்றாலும், அமாவாசை, பூரணை நாட்களை ஒட்டி, களப்பிலிருந்து நீர் வெளியேறும் நேரத்தில் சின்ன மீனும் இறாலும் அதோடு இழுபட்டு வருவதால், அந்த வாயில் கொடுவாவும் பாரையும் எதிர்பார்த்து நிற்கும். 2009 இல் திறக்கப்பட்ட 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலத்தின் அருகேயும் நல்ல நீரோட்டம் உண்டு. ஆனால் பாலத்தின் மேலிருந்து இறகுத் தூண்டில் எறிவது வாகனங்களுக்கும் நடப்போருக்கும் ஆபத்து என்பதால் அதைச் செய்யவே கூடாது. மகாவலி கொட்டியாரக் குடாவில் விழுகிற மூதூர்ப் பக்கத்து ஆற்று முகங்களிலும் மீன் உண்டு, முதலையும் உண்டு. அங்கே தண்ணீருக்குள் இறங்காமல் உலர்ந்த கரையில் நின்று மட்டுமே எறிய வேண்டும். பொழுது சாய்ந்த பின் நிற்கவே வேண்டாம்.

நிலாவெளிக்கு எதிரே கண்ணுக்குத் தெரிகிற புறாமலைத் தீவு 2003 ஆம் ஆண்டிலிருந்து தேசிய பூங்கா. அதன் எல்லைக்குள் எந்தத் தூண்டிலும் போடக் கூடாது. துறைமுகத்தின் உட்புறத்தில் கடற்படைக்குரிய பகுதிகளையும், கோட்டையைச் சுற்றிய இராணுவப் பகுதிகளையும் விட்டு விலகியே நிற்க வேண்டும்.

கரைவலை இழுக்கும் இடங்களில் நடந்துகொள்ள வேண்டிய முறை ஒன்று இருக்கிறது. வலை கடலில் இருக்கும்போது அதன் இரு கயிறுகளுக்கும் இடைப்பட்ட நீர் அந்தத் தொழிலாளருடையது. நமக்குப் பொழுதுபோக்கான மீன் அவர்களுக்கு அன்றைய அடுப்பு. முதலில் அங்கே நிற்கும் மூத்தவரிடம் போய், "ஐயா, நாங்கள் எந்தப் பக்கம் நின்று எறியலாம்?" என்று கேளுங்கள். கேட்டவரை யாரும் துரத்தியதை நான் கண்டதில்லை. வலை கரையேறும்போது ஒரு கை கொடுத்தால் இன்னும் நல்லது. வலைக்கண்ணிலிருந்து நழுவும் பொடிமீனைத் தேடிப் பாரைகள் வருவதையும், எந்த இடத்தில் மணல்திட்டு உடைந்து பள்ளம் விழுந்திருக்கிறது என்பதையும், அந்தக் கயிற்றைப் பிடித்தபடி கேட்ட பேச்சிலிருந்துதான் நான் அறிந்துகொண்டேன்.

பங்குனியில் சூரியன் ஆறு மணியைத் தாண்டிச் சில நிமிடங்களில் கடலிலிருந்து எழும். அதற்கு அரை மணித்தியாலம் முன்பே கரையில் நிற்க வேண்டும். விடியலில் தரையிலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று வீசுவதால் முன்னெறிதலுக்கு அது துணை செய்யும். பத்து மணியளவில் கடற்காற்று திரும்பியதும் கிளம்பிவிடலாம். வந்தவுடனே தண்ணீருக்குள் இறங்காதீர்கள். ஈர மணலுக்குப் பின்னால் நின்று, முதல் எறிதல்களைக் கரையோரமாகச் சாய்வாக, அலை உடையும் பள்ளத்தின் நீளத்துக்கே எறியுங்கள். ஆலாக்கள் வட்டமிட்டு ஓரிடத்தில் குத்தி இறங்குவது, பொடிமீன் கூட்டம் மழைத்துளி விழுந்ததுபோலத் தெறித்து எழுவது, அலையில்லாத நீரில் ஒரு பாய் அளவு பரப்பு மட்டும் சிலிர்ப்பது ஆகியவற்றையே பார்க்கிறவரின் கண் தேட வேண்டும். சூரியன் சற்று உயர்ந்த பின், நீர்ப்பளபளப்பை வெட்டும் போலரைஸ்ட் கண்ணாடி இருந்தால் மீனின் நிழலையே காணலாம். கூட்டம் போகிற திசைக்கு இரண்டு பாகம் முன்னால் இறகு விழ வேண்டும். தலைமேல் விழுந்தால் எல்லாம் கலைந்துவிடும்.

இறகு விழுந்ததும் தடி நுனியைத் தாழ்த்தி, நீரைத் தொடும் அளவில் கயிற்றை நோக்கி நேராக வைத்து, இடக்கையால் கயிற்றை முழநீளம் முழநீளமாக இழுங்கள். பாரைக்கும் கட்டாவுக்கும் விரைவாகவும், களப்பு முகத்துக் கொடுவாவுக்கு மெதுவாகவும் நிறுத்தி நிறுத்தியும் இழுக்க வேண்டும். மீன் பின்தொடர்வதைக் கண்டால் நிறுத்தாதீர்கள். ஓடுகிற இரை நின்றுவிட்டால் துரத்துகிற மீன் ஐயம் கொண்டு திரும்பிவிடும்.

மீன் கவ்வியதும் தடியைத் தூக்காதீர்கள். ட்ரவுட்டுக்கு மென்மையான வாய். மெல்லிய தடியைச் சற்று உயர்த்தினால் முள் பதிந்துவிடும். அந்த முறையை நமது கடலுக்குக் கொண்டுவந்தால், இறகு மீனின் வாயை விட்டு மேலே எழும்பிவிடும், அதோடு அந்த வாய்ப்பும் போய்விடும். தடி தாழ்ந்தபடியே இருக்க, இடக்கையால் கயிற்றை நீளமாக, உறுதியாக ஒருமுறை இழுங்கள். கையில் பாரம் தெரிந்த பின்னரே தடி எழ வேண்டும். அந்தக் கணத்தில் மீனைப் பார்க்காமல் கூடையைப் பாருங்கள்: கிடக்கும் கயிறு முழுவதும் சிக்கலின்றி வளையங்கள் வழியே ஓடி றீலுக்குப் போய்ச் சேர்கிற அந்த மூன்று நொடிகளில்தான் அதிக மீன்கள் இழக்கப்படுகின்றன. அதன்பின் மீன் ஓடினால் விடுங்கள், நின்றால் சுற்றுங்கள். தடியை மேலே பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து, மீன் போகிற திசைக்கு எதிரே இழுத்தால் அது விரைவில் சோரும். கரைக்கு அருகே வந்ததும் அடுத்த அலை வரும்வரை காத்து, அலையோடு சேர்த்து மணலுக்கு ஏற்றுங்கள். அந்த நேரம் பார்க்கிறவர் கீழே இறங்கி நிற்க வேண்டும்; தங்கூசியைக் கையில் சுற்றிப் பிடிக்கக் கூடாது.

கட்டாவின் முதுகிலும் வயிற்றடியிலும் உள்ள சிறு முட்கள் நச்சுத் தன்மை உடையவை. குத்தினால் நெடுநேரம் கடுக்கும். கெளிற்றின் முள் அதைவிடக் கொடியது. அப்படிக் குத்துப்பட்டால், குத்துப்படாத கையால் சூட்டைப் பார்த்து, தாங்கக்கூடிய அளவு வெந்நீரில் அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் அந்த இடத்தை அமிழ்த்தி வைப்பதே முதலுதவி. இதற்காகவே தேநீருக்கென்று கொண்டுபோகும் வெந்நீர்ப் போத்தலில் பாதியைக் கடைசிவரை மிச்சம் வைப்போம். அமிழ்த்திய பிறகும் வலி குறையாவிட்டால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நீருக்குள் இறங்குவதானால் அடித்தடிப்பான சப்பாத்து அணிந்து, பாதத்தைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்து நடந்தால், புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப் போகும். பேத்தை அகப்பட்டால் திருப்பி விடுங்கள். அது எவ்வளவு சமைத்தாலும் நீங்காத நஞ்சுடையது. முள் தோலில் ஏறி, செதில் அமர்த்தியதாக இருந்தால், வந்த வழியே எடுத்துக் கழுவி, ஏற்பு ஊசி போட்டுக்கொள்ளலாம். கண்ணிலோ கண்ணருகிலோ ஏறினால் தொடாமல், தங்கூசியை மட்டும் வெட்டிவிட்டு, அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

எத்தனை மீனை வைத்துக்கொள்வது என்பதைக் கரைக்குப் போகுமுன்னே பேசி முடித்துவிடுவது நல்லது. நாங்கள் வீட்டுக்கு ஒன்று என்று வைத்திருக்கிறோம். உள்ளங்கையளவுக் குஞ்சுப் பாரைகளை எப்போதும் விட்டுவிடுகிறோம். விடுகிற மீனைத் தொடுமுன் கையை நனைத்துக்கொள்ள வேண்டும், உலர்ந்த கை அதன் மேலிருக்கும் வழுவழுப்பை உரித்துவிடும். படம் எடுப்பதானால், நீங்கள் மூச்சை அடக்கக்கூடிய நேரத்துக்குள் எடுத்து முடியுங்கள். பிறகு தலையை அலைக்கு எதிரே வைத்துப் பிடித்து, அது தானாக வாலை அடித்துக் கையை விட்டுப் போகும்வரை காத்திருங்கள். வைத்துக்கொள்கிற மீனை உடனே கொன்று, செவுளை வெட்டி இரத்தத்தை வடியவிட்டு, ஐஸ் நிரப்பிய ரெஜிபோம் பெட்டியில் இடுங்கள். வெயிலில் கிடந்து துடித்த மீனின் சுவையைக் குழம்பில் எந்தப் புளியாலும் மீட்க முடியாது.

வீட்டுக்கு வந்ததும் குளிக்கப் போகுமுன் கருவிகளைக் கழுவுங்கள். தடியின் ஒவ்வொரு வளையத்தையும் நல்ல தண்ணீரால் கழுவி, துண்டுகளைப் பிரித்தே நிழலில் சாய்த்து வையுங்கள். ஒருமுறை பொருத்தியபடியே விட்டதில் இரண்டு துண்டுகள் உப்பேறி இறுகி, பிரிப்பதற்கு ஒரு வாரம் ஆயிற்று. றீலின் கயிறு முழுவதையும் வாளித் தண்ணீரில் இறக்கி அலசி, ஈரத் துணியின் நடுவே இழுத்தபடி மீண்டும் சுற்றுங்கள். நனைந்த இறகுகளைப் பெட்டிக்குள் மூடி வைத்தால் முள் துருப்பிடித்து, அந்தத் துரு அடுத்திருக்கும் வெள்ளை மயிரிலும் ஏறும்; ஆகவே குசினி யன்னலில் கட்டிய கொடியில் அவற்றை வரிசையாகத் தொங்கவிடுங்கள். மறுநாள் ஒவ்வொரு முள்ளின் கூரையும் பெருவிரல் நகத்தின்மேல் வைத்து மெல்ல இழுத்துப் பாருங்கள்: நகத்தில் பற்றி நின்றால் பெட்டிக்குள் போகலாம், வழுக்கினால் அரம் வேண்டும்.